புழுவுக்குள் ஒரு தரகர்! நரம்புகள் கைகோக்கும் ரகசியம்

ஒரு சின்ன சோதனை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களை மட்டும், கட்டைவிரலில் ஆரம்பித்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக மடக்குங்கள். ஆச்சா? இடது கை என்ன செய்தது? சும்மா கிடந்தது, இல்லையா?

'இதென்ன பெரிய அதிசயம்?' என்று கேட்காதீர்கள். அதிசயம்தான்! உலகத்தில் ஒரு சிலருக்கு இது முடியாது. வலது கை மடங்கினால் இடது கையும் கூடவே மடங்கும். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி, ஒரு கை செய்வதை இன்னொரு கையும் செய்யும். சட்டைக்கு பட்டன் போடுவது, எழுதுவது எல்லாமே அவஸ்தை. இதற்கு 'கண்ணாடி அசைவு' என்று பெயர். சின்னக் குழந்தைகளிடம் இது லேசாகத் தென்படுவது சகஜம்தான். பெரும்பாலும் பத்து வயதுக்குள் மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் மறைவதே இல்லை.

வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் என்ன பேச்சு வரும்? "மாசமா இருக்கும்போது எதையோ பார்த்து பயந்திருப்பா" என்பார் ஒருவர். "எல்லாம் பழக்கதோஷம். கையில நாலு அடி போட்டா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். ஒன்று, அம்மா குற்றவாளி. இல்லாவிட்டால் குழந்தை குற்றவாளி!

இருவருமே நிரபராதிகள் என்று 2010-ல் விஞ்ஞானம் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கோளாறு பரம்பரையாக வரும் குடும்பங்களை ஆராய்ந்தபோது, 'டி.சி.சி.' என்கிற ஒரு ஜீனில் மாற்றம் இருப்பது தெரிந்தது. (இதே கோளாறுக்கு வேறு சில ஜீன்களும் காரணமாவதை அதற்குப் பிறகு கண்டுபிடித்தார்கள்.) டி.சி.சி. ஜீனுக்கு உடம்பில் என்ன வேலை என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்ததில் முக்கிய பங்கு யாருக்குத் தெரியுமா? ஒரு புழுவுக்கு!

யார் இந்தப் புழு?

பயப்படாதீர்கள். நம் வயிற்றில் குடித்தனம் நடத்தும் பூச்சி இல்லை இது. மக்கிய இலை, அழுகிய பழம் இவற்றில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும் அப்பாவி. நீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர். முழுப்பெயர் 'சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ்'. வாய் வலிக்கும் என்பதால் நாம் 'எலிகன்ஸ்' என்றே கூப்பிடுவோம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த சிட்னி பிரென்னர் என்ற விஞ்ஞானி, 1963-ல் இந்தப் புழுவைத் தேர்ந்தெடுத்தார். காரணம் இருந்தது. முட்டையிலிருந்து வந்து தானே முட்டையிடும் அளவுக்கு வளர இதற்கு மூன்று, மூன்றரை நாள் போதும். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதை உயிரோடு இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த புழுவின் உடம்பில் இருக்கும் நரம்பு செல்கள் மொத்தமே 302! நமக்கோ மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி.

பிரென்னரின் குழுவில் இருந்த ஜான் வைட், ஐலீன் சவுத்கேட், நிக்கல் தாம்ஸன் ஆகியோர், புழுவை மெல்லிய சீவல்களாக சீவி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, எந்த நரம்பு எதோடு சேர்கிறது என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைபடம் தயாரித்தார்கள். 1986-ல் அது வெளிவந்தது. சுமார் 7,000 இணைப்புகள்! ஒரு புழுவுக்கும் அடுத்த புழுவுக்கும் இந்த வரைபடம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. புழு ஆராய்ச்சிக்காக பிரென்னர் 2002-ல் மேலும் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

சினாப்ஸ் என்றால்?

இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம்தான் 'சினாப்ஸ்'. சந்திக்கும் என்று சொன்னாலும் அவை பெரும்பாலும் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சந்து இருக்கும். ஒரு பக்கத்து நரம்பில் குட்டிக் குட்டிப் பைகளில் ரசாயனம் தயாராக இருக்கும். செய்தி வந்ததும் பை திறந்து ரசாயனம் சந்தைத் தாண்டும். எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். நாம் பார்ப்பது, நடப்பது, நேற்று சாப்பிட்டதை ஞாபகம் வைத்திருப்பது எல்லாமே இந்தச் சந்துகளில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான்.

இப்போது ஒரு கேள்வி. கரு வளரும்போது, ஒரு நரம்பு நீண்டுகொண்டே போகிறது. வழியில் எத்தனையோ செல்களை உரசிக்கொண்டு போகிறது. 'இங்கே நில், இந்த இடத்தில் சினாப்ஸ் போடு' என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

'எல்லாம் ஜீன்ல எழுதியிருக்கும்' என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் கணக்கு உதைக்கிறது! மனிதனுக்குப் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் சுமார் 20,000. புழுவுக்கும் ஏறக்குறைய அதே 20,000! மனித மூளையில் சினாப்ஸ்களோ நூறு லட்சம் கோடி என்ற கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஜீன் என்று ஒதுக்க முடியவே முடியாது.

பிறகு எப்படி? புழு சொன்ன பதில் இதுதான்: சிக்னல்கள் கொஞ்சம்தான். ஒரே சிக்னலை, வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு ஆளிடம் சொல்லி வேலை வாங்குகிறது உடம்பு. 'வா' என்ற ஒரே வார்த்தையை அம்மா சொல்லும் தொனியை வைத்து, சாப்பிடக் கூப்பிடுகிறாளா, உதைக்கக் கூப்பிடுகிறாளா என்று குழந்தை புரிந்துகொள்வதில்லையா? அந்த மாதிரி!

வழிகாட்டும் 'நெட்ரின்'

ஜீனில் கோளாறு ஏற்பட்டு, நேராக ஊர்ந்து போகத் தெரியாமல் தடுமாறும் புழுக்களை பிரென்னர் நிறைய சேகரித்து வைத்திருந்தார். அந்த ஜீன்களுக்கு 'அன்க்' என்று பெயரிட்டு வரிசையாக நம்பர் போட்டார். அவற்றில் அன்க்-5, அன்க்-6, அன்க்-40 ஆகிய மூன்றும் நரம்புகள் பயணிக்கும் திசையைத் தீர்மானிக்கின்றன என்பது 1990-ல் தெளிவானது.

அன்க்-6 என்பது புழுவின் அடிப்பக்கத்து செல்கள் வெளியே விடும் ஒரு புரதம். தூரத்து அடுப்படியிலிருந்து வரும் காபி வாசனை மாதிரி, கிட்டே போகப் போக தூக்கலாக இருக்கும். நரம்பின் நுனியில் இதை மோப்பம் பிடிக்கும் 'மூக்கு'கள் உண்டு. அன்க்-40 என்ற மூக்கு மட்டும் இருந்தால், நரம்பு வாசனையை நோக்கி ஓடும். அன்க்-5 என்ற மூக்கு இருந்தால் அதே வாசனை பிடிக்காமல் எதிர்த்திசையில் ஓடும்!

1994-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கோழிக் கருக்களின் மூளையிலிருந்து இதே வேலையைச் செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பார்த்தால், அது அன்க்-6-ன் ஒன்றுவிட்ட சகோதரன்! அதற்கு 'நெட்ரின்' என்று பெயர் வைத்தார்கள். வழிநடத்துபவர் என்று அர்த்தம் தரும் சம்ஸ்கிருதச் சொல்லில் இருந்து எடுத்த பெயர் அது. 'நேதாஜி'யில் வரும் 'நேதா'வுக்கும் அதுதான் மூலம்.

நெட்ரினை மோப்பம் பிடிக்கும் அன்க்-40 மூக்குக்கு மனித உடம்பில் என்ன பெயர் தெரியுமா? டி.சி.சி.! ஆரம்பத்தில் பார்த்தோமே, அதேதான். நம் இடப்பக்க மூளை வலது கையையும், வலப்பக்க மூளை இடது கையையும் ஆள்கிறது. அதற்காக நரம்புகள் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். மூக்கு சரியில்லாவிட்டால் சில நரம்புகள் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. ஒரு பக்க மூளையின் கட்டளை இரண்டு கைக்கும் போய்ச் சேருகிறது. ஒரு பயமும் பழக்கமும் இதற்குக் காரணமில்லை!

ஒரே குரல், இரண்டு வேலை

சரி, பயணம் முடிந்தது. எந்த இடத்தில் கைகோப்பது? இதிலும் நெட்ரின் வருகிறது.

எலிகன்ஸுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எந்த வெப்பநிலையில் வயிறார சாப்பாடு கிடைத்ததோ, அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் போகும். இதற்கு 'ஏ.ஐ.ஒய்.', 'ஆர்.ஐ.ஏ.' என்ற இரண்டு நரம்பு செல்கள் சரியான இடத்தில் சேர வேண்டும். அந்த இடத்தைக் காட்டுவது யார் என்று டேனியல் கொலோன்-ராமோஸ், காங் ஷென் ஆகியோர் 2007-ல் கண்டுபிடித்தார்கள். நரம்பே அல்லாத ஒரு செல்! நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் 'க்ளியா' வகையைச் சேர்ந்தது. அது அந்த இடத்தில் இருந்துகொண்டு நெட்ரினை வெளியே விடுகிறது. அதைக் கேட்டு ஒரு நரம்பு 'சரி, இங்கேயே கடை போடுகிறேன்' என்று ரசாயனப் பைகளை அடுக்குகிறது. இன்னொரு நரம்பு 'அங்கேதானே கடை? வந்துட்டேன்' என்று கிளம்பி வருகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று!

முடித்து வைத்துவிட்டு நகரும் தரகர்

இனி நம் தலைப்புக்கு வருவோம். புழு முட்டையிடுவதற்கு 'எச்.எஸ்.என்.' என்று ஒரு ஜோடி நரம்பு செல்கள் உண்டு. இவை இல்லாவிட்டால் முட்டை வெளியே வருவது தடைப்பட்டு, தாயின் வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரித்துவிடும். தாயின் உயிருக்கே ஆபத்து! அதனால் இந்த நரம்பு முட்டை வாசலுக்குப் பக்கத்தில், சரியான தசையோடும் சரியான நரம்போடும் சேருவது ரொம்ப முக்கியம்.

காங் ஷென்னும் கோரி பார்க்மனும் இதை ஆராய்ந்தார்கள். ஜெல்லி மீனில் கிடைக்கும், பச்சையாக ஒளிரும் புரதத்தை ரசாயனப் பைகளோடு கோத்துவிட்டால், உயிருள்ள புழுவில் சினாப்ஸ் இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஜோடி சேர வேண்டிய தசையையும் நரம்பையும் அகற்றிப் பார்த்தார்கள். ஆச்சரியம்! மாப்பிள்ளை இல்லாமலே மணமேடை தயாராக இருந்தது. பச்சைப் புள்ளிகள் சரியான இடத்திலேயே சேர்ந்திருந்தன!

அப்படியானால் இடத்தைக் காட்டியது யார்? முட்டை வாசலின் தோல் செல்கள். நரம்பு அந்த வழியாகப் போகும்போது இவற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது. இந்தத் தோல் செல்லின் மேல் 'ஸிக்-2' என்று ஒரு புரதம். நரம்பின் மேல் 'ஸிக்-1' என்று ஒரு புரதம். இரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும். பொருந்திய இடத்தில் சினாப்ஸ் உருவாகிறது. ஆனால் சினாப்ஸில் சேரும் ஜோடி வேறு. தோல் செல் அதில் இல்லை!

நம் கல்யாணத் தரகர் செய்வது இதைத்தானே? இரண்டு வீட்டையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்துவிட்டு, தாலி கட்டும்போது ஓரமாகப் போய் நின்றுகொள்வார். தோல் செல்லும் சினாப்ஸ் உருவாகும் அந்தச் சமயத்தில் மட்டும் ஸிக்-2 புரதத்தைக் காட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொள்கிறது. 2003, 2004-ல் வந்த கண்டுபிடிப்புகள் இவை. ஸிக்-1 இல்லாத புழுவில் நரம்பு வருகிறது, பைகளும் இருக்கின்றன. ஆனால் இடம் மாறி, சம்பந்தமில்லாத ஆளோடு சினாப்ஸ் போட்டுவிடுகிறது!

இந்தத் தரகர் புரதங்களின் உறவினர்கள் நம் சிறுநீரகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஸிக்-2-ன் மனித உறவினர் பெயர் 'நெஃப்ரின்'. சிறுநீரக வடிகட்டியில் பக்கத்துப் பக்கத்து செல்களின் விரல்களைக் கோத்துப் பிடித்து, ரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகாமல் காப்பது இதுதான். இதன் ஜீன் பழுதானால், பிறந்த குழந்தைக்கே புரதம் வெளியேறி உடம்பெல்லாம் வீங்கும். ஃபின்லாந்தில் அதிகம் காணப்படும் இந்த நோய்க்குக் காரணம் நெஃப்ரின் ஜீன் என்பது 1998-ல் தெரிந்தது. நரம்பில் செல்களை அறிமுகப்படுத்தும் குடும்பம், சிறுநீரகத்தில் சல்லடை கட்டுகிறது. ஒரே சரக்கு, வேறு வேறு சமையல்!

'இங்கே போடாதே!'

எங்கே சினாப்ஸ் போட வேண்டும் என்பது போலவே, எங்கே போடக் கூடாது என்பதும் முக்கியம். புழுவின் வால் நுனியில் உள்ள செல்கள் 'லின்-44' என்ற புரதத்தை வெளியே விடுகின்றன. 'டி.ஏ.-9' என்ற நரம்பின் ஒரு பகுதி அந்த வட்டாரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியில் சினாப்ஸே கிடையாது. லின்-44 இல்லாத புழுவில் அங்கேயும் சினாப்ஸ் முளைத்துவிடுகிறது! வீட்டு கேட்டில் 'வண்டி நிறுத்தாதீர்கள்' என்று மாட்டியிருக்கும் போர்டைக் கழற்றிவிட்டால் என்ன நடக்குமோ, அதே கதை. நெட்ரினுக்கும் இந்தத் தடுக்கும் வேலை தெரியும். அதே டி.ஏ.-9 நரம்பில், செய்தியை வாங்கும் கிளைக்குள் ரசாயனப் பைகள் நுழையாமல் அன்க்-5 வழியாகத் தடுப்பது நெட்ரின்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. போட்ட சினாப்ஸ் எல்லாம் நிரந்தரமில்லை. எச்.எஸ்.என். நரம்பு முதலில் தேவைக்கு அதிகமாகவே சினாப்ஸ் போடுகிறது. பிறகு, வேண்டாத புரதங்களுக்கு அடையாளச்சீட்டு ஒட்டி அழிக்கும் செல்லின் துப்புரவு இலாகா வந்து உபரியை நீக்குகிறது. ஸிக்-1 இருக்கும் இடத்தில் மட்டும் அந்த இலாகா கை வைக்க முடியாது. ஸிக்-1 இடம் பிடித்துத் தருவதோடு காவலும் காக்கிறது!

முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுவுக்கு நரம்பு செல்கள் 222-தான். மீதி 80-ம் வளரும்போது வருகின்றன. புதியவர்கள் வரும்போது பழையவர்கள் இடம் மாறவும் வேண்டியிருக்கிறது. 'டி.டி.' என்ற ஆறு நரம்பு செல்கள் குஞ்சுப் பருவத்தில் வயிற்றுப் பக்கத் தசைகளோடு சினாப்ஸ் போட்டிருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும், நரம்பின் வடிவம் மாறாமலே, அவற்றைக் கழற்றி முதுகுப் பக்கத் தசைகளோடு போட்டுக்கொள்ளும். வயிற்றுப் பக்கத்தைப் புது நரம்புகள் எடுத்துக்கொள்ளும். இதை 1978-லேயே கவனித்துவிட்டார்கள். எப்போது மாற வேண்டும் என்ற நேரத்தைக் கணக்கு வைப்பதில் 'லின்-14' என்ற ஜீனுக்குப் பங்கு இருப்பது 1998-ல் தெரிந்தது.

நம் குழந்தைகளின் மூளையிலும் இப்படித்தான். முதல் சில வருடங்களில் சினாப்ஸ்கள் தேவைக்கு மேல் உண்டாகின்றன. பிறகு டீன் ஏஜ் வரை உபரி குறைக்கப்படுகிறது. செடியைக் கழித்துவிடுகிற மாதிரி, அது நஷ்டமில்லை.

நாம் புரிந்துகொள்ள வேண்டியது

'மூளையில் புதிய இணைப்புகளை உண்டாக்கும்' என்று சொல்லிக்கொண்டு டானிக்குகளும் மாத்திரைகளும் விற்பனைக்கு வருகின்றன. பரீட்சை சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு புழுவின் ஒரு சினாப்ஸுக்கே சரியான இடம், சரியான நேரம், சரியான தரகர், தடுப்பதற்கு ஒரு போர்டு, காவலுக்கு ஓர் ஆள் என்று இத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறது. வாயில் ஊற்றும் டானிக்குக்கு எந்த நரம்பு எதோடு சேர வேண்டும் என்று எப்படித் தெரியும்? இணைப்புகள் அதிகமாவது மட்டுமே புத்திசாலித்தனம் ஆகிவிடாது. தவறான இடத்து இணைப்பு என்ன செய்யும் என்று புழு காட்டிவிட்டது.

இன்னொன்று. குழந்தைக்கு நரம்பு வளர்ச்சியில் குறை இருந்தால், முதலில் அம்மாவை விசாரணைக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தை விட்டுவிடுவோம். கர்ப்பத்தில் எதையோ பார்த்து பயந்ததால் எந்த நரம்பும் வழி தவறியதாக நிரூபணமில்லை. ஒரு ஜீனில் ஏற்படும் சின்ன மாற்றம் யார் தப்பும் இல்லாமல் நேர்வது. அடியும் ஏச்சும் அதைத் திருத்தாது. "உன் மேல தப்பு இல்லைம்மா" என்று சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போகிற மனிதர்தான் அந்த வீட்டுக்குத் தேவை.

நம்மால் முடிந்தது என்ன?

கருவுக்குள் நடக்கும் இந்த சிக்னல்களை நாம் திருத்த முடியாது. ஆனால் நரம்பு மண்டலம் வளர இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

* குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், முதல் மூன்று மாதம் முடியும்வரை எடுக்க வேண்டும். சிலருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும், டாக்டர் சொல்வார்.

* சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு. அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

* கர்ப்பத்தில் மது, சிகரெட் கூடவே கூடாது. வீட்டில் மற்றவர் விடும் புகையும்தான்!

* ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கர்ப்பத்துக்கு முன்பே பாருங்கள். கர்ப்பமான பிறகு போடக் கூடாது.

* வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பாருங்கள். சில மருந்துகள் சிசுவைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

* குழந்தை பிறந்தவுடன் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். குறை இருந்தால் உடனே மருந்து கொடுத்து மூளையைக் காப்பாற்றலாம்.

* பத்து வயதுக்குப் பிறகும் ஒரு கை செய்வதை மறுகையும் செய்கிறதா? குழந்தையைத் திட்டாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.